நரியில் இருந்த ஸ்டார்கள்

எங்கள் தொழிலில் ஆட்கள் இணையத்தில் என்ன பார்த்தார்கள் என்று கேட்பது மரியாதையில்லை. பார்த்ததை எங்கே சேமித்து வைத்தார்கள் என்று மட்டும் கேட்கலாம், அதற்கும் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

என் மனைவி புஷ்பாவைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் நான் அதைத்தான் கேட்டேன். நெஞ்சு வலி என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நான் கொண்டுபோன இடியப்பத்தில் பாதியைச் சாப்பிட்டிருந்தாள். கடையில் ஒருவருடைய விண்ணப்பப் பக்கத்தைத் தேடியும் கிடைக்கவில்லை, எங்கே வைத்தாய் என்று கேட்டேன். சொன்னாள். நேரம் முடிந்தது என்று பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள். வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு, "என்னோட ஸ்டாருங்கள நீங்க மாத்துறேன்னு தொட்டுறாதீங்க. நான் வந்து நானே மாத்திக்கிறேன்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள் விடிவதற்குள் போன் வந்துவிட்டது.

ஸ்டார் என்றால் புக்மார்க். பிரவுசரில் ஒரு பக்கத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள, மேலே இருக்கும் நட்சத்திரத்தை அமுக்குகிறோம் அல்லவா, அதுதான். றக்வான பஸாரில் போட்டோகொப்பியும் இணையமும் நடத்துகிற எங்கள் கொமினிகேஷன் கடைக்கு வருகிற யாருக்கும் புக்மார்க் என்ற சொல் தெரியாது. ஸ்டார் தெரியாதவர் கிடையாது. பாஸ்வேர்டை டயரியில் எழுதி, பிறகு டயரியைத் தொலைத்த என் இனத்தாருக்காக இந்தக் கதைகளை எழுதி வைக்கிறேன்.

இரண்டு கணினி, இரண்டு பிடிவாதம்

கடையில் இரண்டு கணினிகள். இடது பக்கத்தில் இருந்தது புஷ்பாவுடையது, வலது பக்கத்தில் என்னுடையது. அவள் நரிப் படம் போட்ட பிரவுசரில்தான் வேலை செய்வாள். நான் பல நிறத்தில் வட்டம் போட்டதில். இரண்டுமே இலவசம், இரண்டுமே நன்றாக ஓடின. ஆனால் அவள் நரியில் போட்ட ஸ்டார் என் வட்டத்துக்குத் தெரியாது, என்னுடையது அவளுடைய நரிக்குத் தெரியாது. இருபது வருஷம் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள், இந்த ஒரு விஷயத்தில் பிரிந்தே இருந்தோம்.

நான் கணினியை யாரிடமும் படிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, கழித்துப் போட்ட ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றிப் பார்த்துப் பழகியதுதான். யாருக்கும் படிப்பித்ததும் இல்லை. ஆனாலும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதால் ஊருக்கு நான் 'மாஸ்டர்'. புஷ்பா என்னிடம் பழகிவிட்டு, ஆறே மாதத்தில் என்னைத் திருத்த ஆரம்பித்தாள்.

தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து லெட்சுமி அக்கா வருவார். கொழுந்து எடுக்கிற வேலை; பேச்சு மலை உச்சியிலிருந்து கூப்பிடுகிற மாதிரிதான் வரும். ஒரு நாள் புஷ்பா இல்லாத நேரம் வந்து, என் பக்கத்துக் கணினியில் தன்னுடைய ஸ்டாரைக் காட்டச் சொன்னார். இது வேறு பிரவுசர், அந்த ஸ்டார் இதில் வராது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "புருசன் பொஞ்சாதிக்குள்ள பேச்சுவார்த்த இல்லன்னா நேரா சொல்லுங்கண்ணே, கம்ப்யூட்டரு மேல ஏன் பழிய போடுறீங்க?"

ஒரே பக்கத்துக்குப் பதினொரு ஸ்டார்

தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் நிறையப் பேரிடம் கணினி இல்லை. போன் இருக்கும், ஆனால் அதில் விண்ணப்பம் நிரப்பப் பயம். ஆகையால் தங்கள் ஸ்டாரைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். புஷ்பா வீட்டுக்கு ஒரு போல்டர் போட்டாள். பக்கத்துக்கு வரும் இங்கிலீஷ் தலைப்பை அழித்து, தமிழில் தன் பாணியில் பேர் வைப்பாள். 'மூணாம் லயம், சின்னவன் வெளிநாடு.' 'மூக்குத்தி அக்கா, பிறப்புச் சான்றிதழ், திங்கக்கிழமை பாக்கணும்.' அந்தப் பேரைப் பார்த்தாலே ஆள் கண் முன்னால் நிற்பார்.

பரீட்சை முடிவு வருகிற பக்கம் நாட்டுக்கே ஒன்றுதான். அதே பக்கத்துக்கு அவள் பதினொரு போல்டரில் பதினொரு ஸ்டார் போட்டு வைத்திருப்பதை ஒரு நாள் கண்டுபிடித்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம் என்று கையை வைத்தேன். அவள் மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஏன் என்று அடுத்த வாரமே விளங்கியது. முடிவு வந்த அன்று கடை நிறைய ஆள். அவசரத்தில் லெட்சுமி அக்காவின் மகள் தர்ஷினியுடைய முடிவை நான் வேறு வீட்டு ஸ்டார் வழியாகத் திறந்துவிட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் திரையையே மூடினார். "மூடுங்கண்ணே மொதல்ல! போன வருசம் அந்த வூட்டுப் புள்ள பெயிலு. அவங்க ஸ்டாரு வழியா எம் புள்ள ரிசல்ட்ட பாக்காதீங்க!"

இரண்டும் ஒன்றாக வேண்டும்

அடுத்த கடை பரீத் நானாவுடையது, புடவைக் கடை; இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். பார்த்தால் சலாம், பார்க்காவிட்டால் கூப்பிட்டுச் சலாம், அப்படிப்பட்ட மனிதர். போனில் போடுகிற ஸ்டார் கடைக் கணினியிலும் வர வேண்டும், இரண்டையும் ஒன்றாக்கித் தாருங்கள் என்று வந்தார். கேரளாவிலும் சூரத்திலும் சரக்குப் பார்க்கிறாராம். சுலபமான வேலை. போனிலும் கணினியிலும் ஒரே அக்கவுண்டைப் போட்டு, ஒத்திசைவைத் திறந்துவிட்டேன். தேநீர் வாங்கித் தந்தார்.

பத்து நாள் கழித்து வந்தார், முகம் சரியில்லை. வீட்டில் அவர் மனைவியின் டேப்லெட்டிலும் அதே அக்கவுண்ட்தான் இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்தி ஒரு மாதம். அவர் போனில் ஸ்டார் போட்டிருந்தது புடவை மட்டுமல்ல. வட்டிலப்பம் செய்கிற விதம் நாலு, தொதல் இரண்டு, எம்பிலிப்பிட்டியவில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு இனிப்புக் கடை. எல்லாம் வரிசையாக டேப்லெட்டில் போய் இறங்கியிருக்கிறது.

அக்கவுண்டைப் பிரித்துத் தந்தேன். புஷ்பா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். நானா கதவருகில் நின்று மெதுவாகச் சொன்னார்: "போனையும் கம்ப்யூட்டரையும் ஒண்டாக்கச் சொன்னேன் மாஸ்டர், என்னையும் பொண்டாட்டியையும் ஒண்டாக்கச் சொல்லல்லயே."

மேல் டிவிஷனுக்குப் போன கடை

தர்ஷினி பாஸாகி, மேல் டிவிஷன் முன்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். பழைய லெப்டொப் ஒன்று வாங்கினாள். அதைச் சரிபண்ணிக் கொடுக்கப் புஷ்பாவே மலை ஏறிப் போனாள். வேலை செய்கிறதா என்று பார்க்க நரியைப் போட்டு, கடை அக்கவுண்டில் நுழைந்து காட்டியிருக்கிறாள். பிறகு ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன, பேச்சு வளர்ந்தது, அக்கவுண்டிலிருந்து வெளியே வர மறந்துவிட்டாள். இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மறுநாள் பார்த்தால், கடையில் உள்ள ஸ்டார் அத்தனையும் அந்த லெப்டொப்பில். அடுத்தவர் போல்டர் எல்லாம் அங்கே இருப்பது சரியில்லை, உடனே நீக்கு என்று நான் சத்தம் போட்டேன். நான் சத்தம் போடுவது வருஷத்தில் ஒரு முறைதான். போகிறேன், போகிறேன் என்று புஷ்பா தள்ளிப்போட்டாள். மழை வந்தது, பிறகு பள்ளி விடுமுறை வந்தது. இதற்கிடையில் மேல் டிவிஷன் ஆட்கள் தங்கள் ஸ்டாரைப் பார்க்கத் தர்ஷினியிடமே போகத் தொடங்கிவிட்டார்கள். பஸ் செலவு மிச்சம்.

லெட்சுமி அக்கா கடை வாசலிலிருந்தே அறிவித்தார்: "கட எங்க லயத்துக்கே வந்துட்டதுங்க அக்கா, இனிமே மாஸ்டர் அண்ணன தனியா உக்காரச் சொல்லுங்க!"

ஒரு பொத்தான்

புஷ்பா போன பிறகு இரண்டு வருஷம் நான் இடது பக்கக் கணினியில் ஆட்களுக்குத் தேவையானதைத் திறந்து மூடியதோடு சரி. எதையும் மாற்றவில்லை. சொன்ன சொல் இருந்தது. ஒரு போல்டரை மட்டும் திறந்ததே இல்லை. அதற்கு அவள் வைத்த பேர் 'எனக்கு'. ஊராருக்கெல்லாம் பேர் பேராகப் போட்டவள், தனக்கென்று ஒன்று வைத்திருந்தாள். திறந்தால் முடிந்துபோகும் என்று நினைத்தேனோ என்னவோ.

பிறகு அந்தக் கணினியிலிருந்து கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. டிஸ்க் போகப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிவிப்பு இல்லை. இனியும் விட்டால் எல்லாம் போய்விடும் என்று புதுக் கணினி ஒன்று வாங்கி, அதில் நரியைப் போட்டேன். முதலில் என் வட்டத்தில் இருந்த ஸ்டார்களை அதற்குள் கொண்டுவந்தேன். பிறகு கடை அக்கவுண்டில் நுழைந்தேன். புஷ்பாவுடையவையும் வந்து இறங்கின. இரண்டும் கலந்துவிட்டன. 'மூக்குத்தி அக்கா'வுக்குக் கீழே என்னுடைய மின்சார பில். பார்க்கச் சகிக்கவில்லை. இதில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், அசல்தான் இடது பக்கக் கணினியில் இருக்கிறதே என்று நினைத்தேன். எல்லாவற்றையும் தெரிவு செய்து அழித்தேன்.

ஒத்திசைவு என்பது பிரதி எடுப்பது அல்ல. இங்கே சேர்த்தால் அங்கே சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பரீத் நானாவுக்கு இதை நானே விளக்கியிருக்கிறேன். இடது பக்கம் திரும்பிப் பார்த்தபோது, அந்தத் திரையில் போல்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இணைய வயரைப் பிடுங்குவதற்குள் 'எனக்கு'வும் போய்விட்டது. என் வட்டத்தில் என் ஸ்டார்கள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

போட்டோகொப்பி எடுக்க வந்த பரீத் நானா கவுண்டருக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன மாஸ்டர், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்டைக்கு நின்ட மாதிரியே நிக்கிறீங்க?"

செய்தி எட்டாத லெப்டொப்

நானாவிடம் சொல்லச் சொல்லத்தான் எனக்கே ஞாபகம் வந்தது: தர்ஷினியின் லெப்டொப். புஷ்பா கடைசிவரை அதிலிருந்து எதையும் நீக்கவில்லை. அது இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது. இன்று அதைத் திறந்திருந்தால் அங்கேயும் எல்லாம் போயிருக்கும். திறக்காமல் இருந்தால், அழிந்த செய்தி அதற்கு இன்னும் எட்டியிருக்காது.

தர்ஷினி முன்பள்ளியில் இருப்பாள் என்று லெட்சுமி அக்காவுக்குப் போன் அடித்தேன். "அதுங்களாண்ணே? சார்ஜரு போயி ஒரு வருசமாச்சு, அலுமாரில கெடக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது. "பக்கத்து வூட்டுல அதே மாதிரி சார்ஜரு இருக்கு, போட்டுத் தொறந்து வைக்கவாண்ணே?" வந்த உயிர் திரும்பிப் போனது. அவர்கள் வீட்டில் ரூட்டர் இருக்கிறது. லெப்டொப் விழித்துக்கொண்ட உடனேயே தானாகப் போய் அதோடு சேர்ந்துகொள்ளும். "தொறக்காதீங்கக்கா! இண்டர்நெட் பட்டா எல்லாம் அழிஞ்சிரும்! ரூட்டர்ல..." அத்தோடு லைன் அறுந்தது. மேல் டிவிஷனில் சிக்னல் அப்படித்தான். நாலு தரம் அடித்தும் கிடைக்கவில்லை.

பரீத் நானா தன் கடையை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு எனக்குத் துணையாக வந்தார். ஸ்டாண்டில் இருந்த திரீவீலரில் ஏறினோம். ஓட்டியது சிங்களத் தம்பி ஒருவன்; தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள். வளைவு வளைவாக ஏறும் பாதை, பாதியில் கொழுந்து லொறி எதிரே வந்து நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவன், யாருக்கோ உயிர் ஆபத்து என்று நினைத்திருக்க வேண்டும். "பய வென்ன எப்பா அய்யே, பயப்படாதீங்க" என்று இரண்டு பாஷையிலும் சொன்னான். "யாருக்குச் சுகமில்ல?" நானா முந்திக்கொண்டார்: "லெப்டொப்புக்கு மல்லி, நீங்க கொஞ்சம் ஓட்டுங்க."

கூடைக் கயிறு

லயத்தில் போய் இறங்கினால், லெட்சுமி அக்காவின் வீடு இருட்டாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, டிவி நின்றுபோனதைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன். உள்ளே மேசை மேல் லெப்டொப். மூடியிருந்தது மட்டுமல்ல, கொழுந்துக் கூடைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தால் எருமையைக் கட்டுகிற முடிச்சு. அக்கா அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

என்ன இது என்று கேட்டேன். "நீங்க தானேண்ணே தொறக்காதீங்கன்னு சொன்னீங்க" என்றார். கரண்டை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இண்டர்நெட்டு எந்த வயர்ல வருதுன்னு எனக்குத் தெரியலீங்க. அதான் மெயின் சுவிச்சையே சாத்திட்டேன். எங்க அக்கா போட்ட ஸ்டாரு, ஒண்ணு கொறையக் கூடாது!"

முப்பது வினாடி

ரூட்டரின் வயரைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மெயினைப் போடச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியின் டிவி உயிர் பெற்றது, அவள் வாய் ஓய்ந்தது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் நானா கத்தி கேட்டார். கூடைக் கயிற்றை வெட்டக் கூடாது என்று அக்கா பல்லால் அவிழ்த்தார். பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கி மாட்டினோம். லெப்டொப் யோசித்து யோசித்து எழுந்தது. நரியைத் திறந்தேன். இணையம் இல்லை என்று முறைப்பாடு செய்தது. அந்த முறைப்பாட்டைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

இடது ஓரத்தில் 'மூணாம் லயம், சின்னவன் வெளிநாடு' இருந்தது. மூக்குத்தி அக்கா இருந்தார். பரீட்சை முடிவுக்குப் பதினொரு ஸ்டாரும் இருந்தன. கீழே கடைசியில் 'எனக்கு' இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பைலாகப் பென் டிரைவுக்கு எடுத்தேன். முப்பது வினாடி வேலை. எடுத்து முடித்து, இன்னொரு தடவை எடுத்தேன். பென் டிரைவையும் ரூட்டர் வயரோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பிளேன்டீ கொண்டுவந்தார், சீனி இரண்டு மடங்கு.

நானா தன் கோப்பையைப் பார்த்தார், வீட்டில் சொல்ல மாட்டீர்களே என்பது போல என்னைப் பார்த்தார், ஒரே மூச்சில் குடித்தார். "இப்ப தான் மாஸ்டர் ஒங்கட முகத்துல ரெத்தம் வந்தீக்கி."

எனக்கு

'எனக்கு'வை அங்கேயே திறந்தேன். தனியாகத் திறக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் நினைத்தது, கடைசியில் இரண்டு பேரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கத்தான் நடந்தது. பரவாயில்லை என்று இருந்தது. உள்ளே சமையல் இருக்கும், கோயில் இருக்கும், எனக்குச் சொல்லாத ஏதாவது வருத்தத்துக்கு மருந்து இருக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். மூன்று ஸ்டார்தான். மூன்றுமே ஒரு பிரவுசரின் புக்மார்க்கை இன்னொரு பிரவுசருக்கு எப்படி மாற்றுவது என்று சொல்லித் தருகிற பக்கங்கள். பேர்களை மட்டும் வாசித்தேன். முதலாவது, 'மொதல்ல பிரதி எடுக்கணும்.' இரண்டாவது, 'ஒரு எடத்துல அழிச்சா எல்லா எடத்துலயும் அழியும், கவனம்.' மூன்றாவது, 'இது இவருக்கும் விளங்கும்.'

லெட்சுமி அக்காதான் முதலில் சிரித்தார், பிறகு நானும் சிரித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க அக்கா சொல்லி வச்சிட்டுத்தாண்ணே போயிருக்காங்க, நீங்கதான் தொறந்து பாக்கல."

பின்குறிப்பாக ஒன்று

பல மாதம் கழித்து, கொடகவெலயிலிருந்து பிரிண்டர் திருத்த வந்த ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த நரிப் பிரவுசர் தானாகவே சில நாள் பிரதிகளை உள்ளே வைத்திருக்கும், அதே கணினியில் இரண்டு நிமிஷத்தில் மீட்டிருக்கலாம் என்றார். காட்டியும் தந்தார். சத்தியமாக இருந்தது. மலை ஏறியது, கயிறு கட்டியது, கரண்டை நிறுத்தியது எதுவும் தேவையே இருந்திருக்கவில்லை.

பரீத் நானாவிடம் போய்ச் சொன்னேன், வெட்கமாக இருந்தது. அவர் புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அது தெரிஞ்சிருந்தா நீங்க அந்த 'எனக்கு'வத் தொறந்தும் ஈக்கமாட்டீங்க மாஸ்டர், மீட்டுட்டு மறுபடி மூடித்தான் வச்சிருப்பீங்க."

இன்று புஷ்பாவின் ஸ்டார்கள் நரியிலும் வட்டத்திலும் பென் டிரைவிலும் மேல் டிவிஷன் அலுமாரியிலும் இருக்கின்றன. மொத்தம் இருநூற்றுப் பதினேழு, அதில் எழுபத்தொன்றை அமுக்கினால் இப்போது பக்கம் திறப்பதில்லை.